இசக்கிப்பாண்டியின் வலது கை

போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பூமாரி முதல்முறையாகத் திருவனந்தபுரத்தைப் பார்த்தது எழுபத்தெட்டாம் வருஷத்து மழையில். அவள் புருஷன் இசக்கிப்பாண்டி கேரம் ஆடப் போனான். கூடவே அவளும் போனாள். தம்பானூரில் ஒரு மண்டபத்தில் கேரளம் முழுக்க உள்ள ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள், நன்றாக ஆடுகிறவர்களை ஒரு நூல் மில் தன் அணிக்கு எடுத்து வேலையும் கொடுக்கும் என்று எஸ்டேட் கிளப்பில் பேச்சு. கிளப்பில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. அட்டைக்கடியிலும் ஒழுகுகிற லயத்து வீட்டிலும் பிறந்து வளர்ந்தவன், இந்த மலையை விட்டு இறங்க வேறு வழி காணாமல் இருந்தான்.

மழையில் பஸ் நின்றுபோனதால் தேயிலை லாரியில் ஏறினார்கள். பாதி இறக்கத்தில் லாரி சேற்றில் சறுக்கியது. இறங்கித் தள்ளினார்கள். பின்சக்கரத்துக்கு இசக்கிப்பாண்டி கல் முட்டுக் கொடுக்கும்போது லாரி ஒரு சாண் பின்னால் வந்துவிட்டது. கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அவன் வலது கை.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிக் கறுத்துப்போயின. பூமாரி முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். அடிவாரத்தில் விதுரை ஊர் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள்.

"அங்க போனா இன்னைக்குப் பூராவும் கெடக்கணும். ஆடிட்டுக் காட்டிக்கலாம்" என்றான் அவன்.

தம்பானூரில் நனைந்துபோய் இறங்கியபோது அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. மண்டபத்துக்குள் பளபளக்கும் பலகைகள், வெள்ளைச் சட்டைக்காரர்கள், மலையாளமும் இங்கிலீஷும். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பெயரை அடித்திருப்போம் என்று பெயர் பதிகிற மேசைக்காரர் கடிந்துகொண்டார். வாசலுக்கு வெளியே திரும்பி நின்று, கட்டோடு சுண்ட முடியாதே என்று துணியை அவிழ்த்தான் இசக்கிப்பாண்டி. பூமாரியால் பார்க்க முடியவில்லை.

எதிரே உட்கார்ந்தவர் கோமதிநாயகம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவர். இசக்கிப்பாண்டி நசுங்கிய விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்து, மோதிரவிரலால் சுண்டினான். பழக்கமில்லாத விரல், இருந்தும் காய்கள் விழுந்தன. ஒவ்வொரு சுண்டுக்கும் அவன் கழுத்து நரம்பு புடைப்பதைச் சுவரோரம் நின்ற பூமாரி மட்டும் கவனித்தாள். சிவப்புக் காயையும் போட்டான். இன்னும் இரண்டு காய் விழுந்தால் ஆட்டம் அவனுக்கு.

அப்போதுதான் பலகையில் தூவிய வெள்ளைப் பவுடரில் ஒரு துளி ரத்தம் விழுந்தது. பிறகு இன்னொன்று.

கோமதிநாயகம் கையைக் காட்டச் சொன்னார். இசக்கிப்பாண்டி கையை மடியில் மறைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை, சின்னக் கீறல், ஆடுங்கள் என்றான். அவர் அவனை விட்டுப் பூமாரியைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. என்ன இது?"

இசக்கிப்பாண்டியும் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல் இருந்தது. மிரட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வெரலு நசுங்கிப் போச்சு சார். காய்ச்சலும் அடிக்குது. நிறுத்திருங்க" என்றாள் பூமாரி.

ஆட்டத்தை நிறுத்தி, கோமதிநாயகம் ஜெயித்ததாக எழுதிக்கொண்டார்கள். அவரே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு விரலையும் எடுத்தார்கள். விஷம் ஏறத் தொடங்கியிருந்தது, இன்னும் தாமதித்திருந்தால் கையே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதைப் பூமாரி பிடித்துக்கொண்டாள். அது தனக்குச் சாதகமான தீர்ப்பு என்று நம்பினாள்.

மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்னது ஒன்றுதான்.

"ரெண்டு காய்தான் பாக்கி இருந்துச்சு."

எஸ்டேட்டில் அவனைக் காவலுக்குப் போட்டார்கள். கிளப் பக்கம் அவன் போகவே இல்லை. அடிக்கவில்லை, ஏசவில்லை, சோறு, உப்பு, மழை இதற்கு மேல் அவளோடு பேச்சும் இல்லை. தான் செய்தது சரிதான் என்று கொழுந்து பறிக்கும்போதெல்லாம் அவள் தனக்குள்ளே சொல்லிக்கொள்வாள். அதை அவனிடம் சொல்லும் தைரியம் கடைசிவரை வரவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும், சட்டைப் பொத்தானைப் போடமுடியாமல் அவள் முன்னால் வந்து நிற்பான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். அவள் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவாள்.