மூலை மடிக்காத சீட்டு

மைக் அக்கா எங்கே என்று கேட்டால் அந்த விமான நிலையத்தில் பெட்டி வண்டி தள்ளுகிறவர் வரைக்கும் கை காட்டிவிடுவார்கள். கண்ணாடி அடைத்த சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கால் ஆடுகிற நாற்காலி. பதினாறு வருஷமாக அவளுக்கு அதுதான் ராஜ்ஜியம். விமானம் வந்ததோ போனதோ, அவள் வாய் திறந்தால்தான் கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டிலும் அதே குரல்தான். "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால், "எத்தனாவது கேட்டுக்கு வரணும்மா?" என்பார் புருஷன்.

அவளுக்கு அந்த வேலையைப் போட்டுக் கொடுத்தவர் ட்யூட்டி ஆபீசர். அவளுக்கு அவர் அண்ணன். கூடப் பிறக்காததுதான் குறை. சேர்ந்த இரண்டாம் வருஷம் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு மாதம் பேச்சே வராமல் போனபோது, வேறு ஆளைப் போடாமல் தானே மைக் முன்னால் உட்கார்ந்து கரகரவென்று கத்திச் சமாளித்த மனுஷன். எந்த அறிவிப்பானாலும் அவர் கைப்பட எழுதிய சீட்டு வந்தால்தான் அவள் வாசிப்பாள். அந்தச் சீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. வலது மூலை மடித்திருந்தால், 'இது சும்மா ஊருக்குச் சொல்ல, நீ நம்பாதே' என்று அர்த்தம். மடிக்காமல் வந்தால் அது சத்தியம்.

ஏன் இந்தக் கூத்து என்றால், தாமதம் எவ்வளவு என்று அங்கே யாரும் முழுசாகச் சொல்வதில்லை. மூன்று மணி நேரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் விமானக் கம்பெனி ரூம் போட்டுக் கொடுக்க வேண்டும், டிக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அரை மணி, இன்னும் அரை மணி என்று ஜவ்வாக இழுப்பார்கள். வாசிக்க அவளுக்கு வாய் கூசும்தான். ஆனாலும் பிழைப்பாயிற்றே. ஊருக்கு என்ன சொன்னாலும் அண்ணன் தன்னிடம் பொய் சொல்ல மாட்டார் என்ற ஒன்று அவளுக்குப் போதுமாக இருந்தது.

அன்றைக்குக் காலை பத்தரைக்கு, விமானங்களுக்கு வழி காட்டும் கட்டுப்பாட்டு அறைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இங்கே மட்டுமல்ல, நாடு முழுக்க. வானத்தில் இருந்தவற்றை எப்படியோ தட்டுத்தடுமாறி இறக்கிவிட்டார்கள். தரையில் இருந்தது ஒன்றும் கிளம்பவில்லை. கூடத்தில் மாட்டிக்கொண்ட ஐந்நூறு பேரில் மைக் அக்காவின் தங்கையும் ஒருத்தி. அது ஆபீசருக்கும் தெரியும்.

தங்கைக்குப் பதினோரு வருஷம் காத்துக் கிடந்து அரசுப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் தூரத்து ஊர் ஆபீசில் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும். வயது வரம்பும் அவளுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. விமானம் இல்லையென்றால் இருக்கிற ஒரே வழி சாயங்காலம் நாலு மணி பஸ். அது மறுநாள் எட்டு மணிக்கு அங்கே கொண்டுபோய் விடும்.

மூன்று மணிக்குத் தங்கை வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"அக்கா, நாளைக்குத்தான் சரியாகும்னு ஃபோன்ல செய்தி ஓடுது. பக்கத்துல உக்காந்திருந்த கண்ணாடி போட்ட அம்மா பஸ்ஸுக்குக் கிளம்புறாங்க. என்னையும் கூப்பிடுறாங்க. போயிடட்டுமா?"

சரியாக அப்போதுதான் சீட்டு வந்தது. 'கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. ஐந்து மணிக்கு விமானம் புறப்படும்.' மைக் அக்கா முதலில் பார்த்தது எழுத்தை இல்லை, மூலையை. மடிப்பு இல்லை. திருப்பிப் பார்த்தாள், விரலால் தடவிப் பார்த்தாள். மூலை விறைப்பாக நின்றது.

"செய்தியில ஆயிரம் போடுவாங்கடி. பதினாறு மணி நேரம் இடுப்பொடிய பஸ்ல போவியா? அஞ்சு மணிக்குக் கிளம்புது. அக்கா சொல்றேன்ல, பேசாம போய் உக்காரு."

"நிச்சயமாக்கா?"

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்னை நம்பாம வேற யாரை நம்புறது?" என்று சிரித்தபடியே தங்கை திரும்பிப் போனாள். கண்ணாடி போட்ட அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக வாசலைத் தாண்டினாள்.

மைக் அக்கா அந்தச் சீட்டை மைக்கிலும் வாசித்தாள். நாலு மணி பஸ் போயே போய்விட்டது. நாலரைக்கு, கம்ப்யூட்டர் அறைத் தம்பி மைக் ஒயரைச் சரிபார்க்க வந்தான்.

"பாவம்க்கா நீங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இதையே சொல்லிட்டு உக்காரணும்."

"நாளைக்கா? அஞ்சு மணிக்குன்னு சீட்டு வந்திருக்கே!"

"யார் சொன்னா? நாளை மத்தியானத்துக்கு முன்னாடி வாய்ப்பே இல்லைன்னு பதினோரு மணிக்கே ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேனே. கையெழுத்துப் போட்டு வாங்கினாரே."

அவள் சீட்டைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீசர் அறைக்கு ஓடினாள்.

"அண்ணே, மூலை மடிக்கலையே."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. 'ஐயோ மறந்துட்டேம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று அந்த நிமிஷத்திலும் அவள் மனசு அடித்துக்கொண்டது. மறதி என்றிருந்தால் அழுது திட்டிவிட்டு மன்னித்திருப்பாள்.

"மறக்கலம்மா," என்றார். "மடிச்சிருந்தா நீ உன் தங்கச்சியை எழுப்பி அனுப்பியிருப்ப. மைக் அக்கா தங்கச்சியே கிளம்புறான்னா கூடத்துல ஒருத்தன் உக்காருவானா? மேல இருந்து நெருக்குறாங்க. நான் என்ன பண்ண?"

"அவ வேலை போச்சுண்ணே. பதினோரு வருஷம்."

"ஃப்ளைட் லேட்டுன்னு நான் ஒரு லெட்டர் தரேன், கொண்டு போய்க் காட்டச் சொல்லு."

"எப்படித் தருவீங்க? மூலையை மடிச்சா, மடிக்காமலா?"

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஊர்பேர் தெரியாதவன் செய்திருந்தால் நாலு வசவோடு போயிருக்கும். பதினாறு வருஷம் இந்த மனுஷன் மடித்துக் கொடுத்த மூலையெல்லாம், இந்த ஒரு மூலையை அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்குத்தான் உதவியிருக்கிறது. அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட, அவர் பொய்யைத் தன் வாயால், தன் கூடப்பிறந்தவளிடம், அக்கா சொல்றேன்ல என்று சொல்லித் தொலைத்தோமே என்பதுதான் பொறுக்க முடியவில்லை.

திரும்பி வந்து, சீட்டே இல்லாமல் மைக்கைப் போட்டாள்.

"பயணிகள் கவனிக்கவும். நாளை மதியத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் சரியாகாது. இன்று எந்த விமானமும் புறப்படாது. காலை பதினோரு மணிக்கே இது எங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லவில்லை. வேறு வழி இருப்பவர்கள் தயவுசெய்து கிளம்பிப் போங்கள்."

கூடமே எழுந்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள், பெட்டிகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு முண்டினார்கள். மேசை மேல் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, ஆபீசர்தான், அவள் எடுக்கவில்லை.

தங்கை மட்டும் எழுந்திருக்கவில்லை. ஆர்டர் வைத்திருந்த கவரை மடியில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மைக் அக்கா கண்ணாடிக்குள்ளிருந்து வா, வா என்று கையசைத்துப் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

நாலடி இருக்கும்போதே தங்கையின் குரல் கேட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், இப்ப மைக்ல ஒரு அம்மா சொன்னாங்களே, அது நிஜமாத்தான் இருக்குமா?"