ஸ்டீயரிங் இல்லாத வண்டி

வீடு காலியான பிறகு நடந்த பேச்சு அது. கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிப் போய்விட்டன. சமையலறையில் மிஞ்சியது ஒரு பால் பாத்திரமும் டம்ளர்களும், கயிறு கட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகளும்தான். பெட்டிகள் மேல் அப்பாவும் அம்மாவும், தரையில் பெண்கள் இருவரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

முதலில் அப்பாதான் ஆரம்பித்தார். புது ஊருக்குப் போனதும் பள்ளிக்கூடங்களில் விசாரிக்கலாம், பஸ் ஓட்ட ஆள் தேடாத பள்ளிக்கூடம் உலகத்தில் உண்டா என்றார். அம்மா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, பஸ் சாவியைக் காலையிலேயே ஆபீசில் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அது தெரியும், அதற்கப்புறம் என்ன என்றுதான் கேட்கிறேன் என்றார் அப்பா. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, ஓட்டினவரைக்கும் போதும் என்றாள் அம்மா.

அப்பா விடவில்லை. "ஏன், அந்த ஊர்ல ஸ்டீயரிங் எதிர்ப்பக்கமா சுத்துமா?"

"ரோடு எல்லா ஊர்லயும் ரோடுதான். பிள்ளைங்ககிட்ட நான் என்ன பேசுவேன்? ஸ்கூல் பஸ்ஸ பாதி கையால ஓட்டணும், பாதி வாயால ஓட்டணும். அங்க போனா எனக்கு வாயே கிடையாது."

"நீ ஒரு சத்தம் போட்டா எந்த பாஷைக்காரனும் உக்காருவான்."

"சத்தம் போட்டு உக்கார வைக்கிறதுக்கு நான் எதுக்கு? அதுக்கு ஹாரன் போதுமே."

அப்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள். பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டில் அவள் வாலுதான். போகிற வழியில் ஒரு தீம் பார்க் இருக்கிறதாம், அங்கே இறங்குவதாக இருந்தால்தான் காரில் ஏறுவேன் என்றாள். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். பேச்சு அப்படியே தண்ணீர்ச் சறுக்கல், ராட்டினம் என்று திசைமாறிப் போனது.

பேச்சில் குறுக்கே நுழைகிற பழக்கம் பெரியவளுக்கு இல்லை. ஆனால் 'போதும்' என்றபோது அம்மா டம்ளரைப் பார்த்துத்தான் சொன்னாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை. அது பெரியவளின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

தெருவில் அம்மாவுக்குப் பைலட்டம்மா என்று பெயர். பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயாவாகத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். லாரி ஓட்டும் அண்ணனிடம் கற்றுக்கொண்டு, பெரிய வண்டிக்கான லைசென்ஸை எடுத்துப் பீரோவில் வைத்திருந்தாள். ஓட்டுநருக்கு முதுகு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் போன சமயத்தில், வேறு வழியில்லாமல் அவளிடம் வண்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதுகு சரியாகி அவர் வந்தபோது பிள்ளைகள் அவரைப் படியில் ஏறவே விடவில்லை என்று அப்பா கதை அளப்பார். உண்மையில் அவருக்கு வேறு வண்டி கொடுத்துவிட்டார்கள்.

அம்மா ஹாரன் அடிக்க மாட்டாள். ஹாரனை நம்புகிறவனுக்கு பிரேக் மேல் நம்பிக்கை இல்லை என்பது அவள் கட்சி. தலைக்கு மேல் இருந்த நீளக் கண்ணாடியில் முழு பஸ்ஸும் அவளுக்குத் தெரியும். யாருக்கு வளைவில் குமட்டும், யாரும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்தால் மண்டை உடையும் என்பதெல்லாம் அத்துப்படி. புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டே ஏறும் பிள்ளையை முன் சீட்டில் உட்கார வைத்து, "எனக்கு இடது பக்கம் சரியாத் தெரியல கண்ணு, நீ பாத்துச் சொல்லு" என்பாள். அழுகை நின்றுவிடும். பிள்ளை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் இடது பக்கத்தைக் காவல் காக்கும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியைப் பார்த்து ஒரே வாக்கியம்தான். "உக்காந்தாத்தான் சக்கரம் சுத்தும்." குரலை உயர்த்தியதில்லை. பெரியவளும் அந்த பஸ்ஸில்தான் போய்ப் படித்து வளர்ந்தாள். பெற்ற பெண் என்று அவளுக்குச் சலுகை ஒன்றும் கிடைத்ததில்லை. அவள் நின்றாலும் சக்கரம் சுற்றாது.

அப்பா குளிர்கிடங்கு இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். நாட்டின் மறு கோடியில் ஒரு துறைமுகத்தில் நல்ல வேலை கிடைத்தது. அந்தப் பக்கத்து மொழி பெரியவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, பள்ளியில் இரண்டு மொழியிலும் படித்தவள். வாலு புதுத் தெருவில் கால் வைத்த மறுநாளே பேசிவிடுவாள். அப்பாவுக்குப் பேச வேண்டியது இயந்திரத்தோடுதான். அம்மாவுக்கு மட்டும்தான் அந்த ஊர் வாயைக் கட்டிப்போடும் ஊர்.

புறப்பட்ட நாளில் அம்மா ஓட்டுநர் இருக்கைப் பக்கமே போகவில்லை. நேராகப் போய் இடது பக்கம் உட்கார்ந்தாள். அப்பா ஓட்டினார். அவர் கியர் மாற்றும்போதெல்லாம் கார் இருமியது. அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் வலது கால் மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் காரின் தரையை அழுத்தியதைப் பின் சீட்டிலிருந்த பெரியவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் தீம் பார்க் வந்தது. அதற்குள் மொழி மாறி, போகிற ஊரின் மொழி வந்துவிட்டிருந்தது. நுழைவாயில் பலகையை அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு, அது தனக்கு எழுதியது இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பைகளையும் ஈரத் துண்டுகளையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியும் சும்மா இருக்க முடியவில்லை. குழந்தைகளை ஏற்றிச் சுற்றிய பொம்மை ரயிலைப் பார்த்து, வளைவை ரொம்பக் கிட்டத்தில் எடுக்கிறான் என்று முணுமுணுத்தாள்.

ரோலர் கோஸ்டரில் வாலுவோடு அப்பா ஏறுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அதற்கு முன்னால் சுழலும் கோப்பையில் உட்கார்ந்து எழுந்தவருக்கு முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பெஞ்சில் சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி பைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வயது வந்தவர் துணையில்லாமல் வாலுவை ஏற்ற மாட்டார்கள், பெரியவளுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. வாலுவின் உதடு பிதுங்கத் தொடங்கியது. அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

வரிசையில் நிற்கும்போது, இதை யார் ஓட்டுகிறார்கள் என்று பெரியவளைக் கேட்டாள். யாரும் இல்லை, தானாக ஓடும் என்றாள் பெரியவள்.

"ஓட்டுற ஆளே இல்லாத வண்டியில எப்படிடி ஏறுறது?"

ஏறினாள். முன் வரிசையில் அவளும் வாலுவும், அடுத்த வரிசையில் பெரியவள். அவளுக்குப் பின்னால் சிவப்புத் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். ஒருவரும் உட்காரவில்லை. தொப்பியைப் பிடுங்குவதும் இடம் மாறுவதுமாக ஒரே அமளி. பாதுகாப்புக் கம்பியை இறக்க வந்த ஊழியர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார், கேட்பார் இல்லை.

அம்மாவின் கண் தானாக மேலே போனது. அங்கே கண்ணாடி இல்லை. ஒரு கணம் திகைத்தவள், உடம்பை முழுதாகத் திருப்பி அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"உக்காந்தாத்தான் சக்கரம் சுத்தும்."

உயர்த்தாத அதே குரல். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கம்பிகள் வரிசையாக இறங்கின. நேர் பின்னால் இருந்த சிறுமி பெரியவளின் தோளைத் தட்டி, அந்த அத்தை என்ன சொன்னார் என்று தன் மொழியில் கேட்டாள். பெரியவள் சொன்னாள். சிறுமிக்கு அது பிடித்துவிட்டது. பின் வரிசைக்குச் சொன்னாள், அது அதற்கும் பின்னால் போனது. வண்டி நகர்ந்து மேலேறத் தொடங்கியபோது கூட்டம் முழுக்க அந்த வாக்கியத்தைத் தங்கள் மொழியில் பாட்டாகவே இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு வண்டி உச்சியிலிருந்து கீழே பாய்ந்தது, எல்லாப் பேச்சும் ஒரே அலறலாகிவிட்டது.

இறங்கும் வழியில், ஓட்டத்தின்போது எடுத்த படங்களைத் திரையில் காட்டினார்கள். வாலுவின் வாய் மட்டும்தான் தெரிந்தது. பெரியவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். பின்னால் எல்லாக் கைகளும் வானத்தில். அம்மா மட்டும் கண்ணை அகலத் திறந்து தண்டவாளத்தைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, வெறுங்காற்றில் ஒரு பெரிய ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள்.

பெஞ்சிலிருந்து எழுந்து வந்த அப்பாவுக்கு முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது.

"கால் தெரியல. தெரிஞ்சா பிரேக் மேலதான் இருக்கும். ஓட்டினவரைக்கும் போதும்னு யாரோ சொன்னாங்களே, அந்தம்மா எங்க?"

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்பா படத்துக்கு ஒரு பிரதி வாங்கி, சட்டைப்பையில் மடங்காமல் வைத்துக்கொண்டார்.

கார் நிறுத்தத்துக்கு வந்ததும் அம்மா கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. உங்க கியர் சத்தத்துல நேத்துலேருந்து எனக்குப் பல்லு கூசுது."

அப்பா சாவியைக் கொடுத்துவிட்டு வாலுவோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பெரியவள் முன்னால் உட்கார்ந்தாள். அம்மா சீட்டை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பி முதலில் பின் சீட்டில் இருந்தவர்களைப் பார்த்தாள், அதன் பிறகுதான் சாலைக்குச் சரிசெய்தாள். கார் இருமாமல் கிளம்பியது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பின்னால் அப்பாவும் வாலுவும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து தூங்கிவிட்டார்கள். படிக்கத் தெரியாத பலகைகள் ஒவ்வொன்றாக எதிரே வந்து போயின. இப்போது அம்மா அவற்றிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. வெகு தூரம் போன பிறகு, அந்தப் பிள்ளைகள் பாட்டு மாதிரி என்னவோ சொன்னார்களே, அது என்ன என்று கேட்டாள். நீ சொன்னதைத்தான் சொன்னார்கள் என்றாள் பெரியவள்.

அம்மா ஒரு லாரிக்கு வழிவிட்டு, மறுபடி கியர் மாற்றினாள்.

"அத எனக்குச் சொல்லிக்குடு. நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா சொல்லு, நான் பின்னாடியே சொல்லிட்டு வர்றேன். தப்பா சொன்னா சிரிக்கக் கூடாது."