சம்பத்தின் முந்நூறு கிராம்

சம்பத் போய்விட்டான்.

செஞ்சி கடைவீதி உரக்கடையில் வேலை செய்த சிங்கவரம் சம்பத். காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவன், நெஞ்சை அடைக்கிறது என்று படியில் உட்கார்ந்தானாம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது.

சென்னையிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்து இந்தப் பதிவைப் போனில் டைப் செய்கிறேன். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். இப்போது மணி இரண்டரை. மேல்மருவத்தூர் பக்கம் லாரி ஒன்று ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறது. டிரைவரிடம் மூன்று தடவை கேட்டாயிற்று. "நானா புடிச்சி வெச்சிருக்கேன்? போய் குந்துப்பா" என்கிறார்.

குந்த முடியவில்லை. எழுந்து நிற்கிறேன், உட்காருகிறேன், மறுபடியும் எழுந்து நிற்கிறேன். பக்கத்து சீட் அம்மா முறைக்கிறார்.

இன்று எங்கள் கபடி டீமில் புதுப் பசங்க சேரும் நாள். தோளில் பேக்கோடு நேராக எடை மெஷினுக்கு வர வேண்டும். எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் ஒரு பொட்டு ஏறினாலும் எங்கள் கேம்ப்பில் எடுக்க மாட்டார்கள். சீனியர் என்று என்னை மெஷின் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். அப்போதுதான் போன் வந்தது. தேவி... சம்பத்தின் மனைவி.

அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ண்ணா, வாசல்ல குந்தினு இருக்கறவங்க இப்பக்கூட அந்தக் கறிச்சோத்துக் கதையத்தான் பேசினு இருக்காங்க. செத்தும் வுட மாட்டறாங்கண்ணா..."

கோச்சிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அந்தக் கதை தெரியாதவர்களுக்கு...

எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அவனும் அதே உரக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தோம். காலையில் ராஜகிரிக் கோட்டைப் படியில் ஓட்டம், சாயங்காலம் கபடி. அவன் கார்னர், ஓரத்தில் நின்று காலைப் பிடிப்பவன். நான் அவன் கையைக் கோர்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவன்.

ஒரே நாளில் இரண்டு பேருக்கும் இந்த டீமின் புதுமுக கேம்ப்புக்கு அழைப்பு வந்தது. கேம்ப் வாசலில் மெஷின். சம்பத் ஏறினான். எண்பத்தைந்து கிலோ அறுநூறு.

ஒரு மணி நேரம் டைம் கொடுத்தார்கள். வெயிலில் இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிரவுண்டைச் சுற்றிச் சுற்றி ஓடினான். மறுபடியும் ஏறினான். முந்நூறு கிராம் கூடுதல். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்குப் போனதும் அவனுக்கு 'கறிச்சோறு' என்று பெயர் வைத்தார்கள். டீமில் சேரப் போனவன் விருந்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டு வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டானாம். யூரியா வாங்க வந்தவர்கள்கூட, "இன்னா கறிச்சோறு, இன்னிக்கு எத்தினி கிலோ?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவார்கள்.

இனிமேல் சொல்லப் போவது யாருக்கும் தெரியாது.

அவன் தின்றது என் பங்கு.

கிளம்புவதற்கு முன் இரண்டு நாளில் ஏழு வீட்டில் விருந்து. நான் அப்போதே எண்பத்து நாலே முக்கால். சம்பத் எண்பத்து மூன்று. எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. "இன்னா, எங்க ஊட்டுச் சோறு எறங்கலியா?" என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள்.

ஏழு வீட்டிலும் அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பரிமாறுகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் என் இலையில் இருந்த கறி அவன் இலைக்குப் போய்விடும். வல்லத்தில் எங்கள் அத்தை கரண்டி கரண்டியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். "டேய் போதும்டா, நீயும் ஏறிடுவ" என்றேன்.

"எனக்கு இன்னும் ரெண்டு கிலோ எடம் இருக்குதுடா. நீ தண்ணியக் குடிச்சிட்டு பெருசா ஏப்பம் வுடு" என்றான்.

இரண்டு பேரும் சிரித்தோம். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவர்கள், எடை எங்களுக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

அன்றைக்கு மெஷினில் நான் எண்பத்து நாலு தொள்ளாயிரம். உள்ளே போய்விட்டேன்.

கேட்டில் நின்று, "கோச்சுகிட்ட சொல்லிடறேன்டா" என்றேன். "வாய மூடினு உள்ள போ. அடுத்த வருசம் வந்துடறேன்" என்றான். அடுத்த வருஷம் அவன் அப்பா படுத்த படுக்கை. மல்லாட்டை போட்ட நிலம், கல்யாணம், குழந்தை... வரவே இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அவன் சொன்னதற்காக. பிறகு பயத்துக்காக. இவன் விளையாடுவது சம்பத் போட்ட பிச்சை என்று ஊர் பேசும் என்ற பயம்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் செஞ்சியில் எனக்குப் பாராட்டு விழா. மைக்கைப் பிடித்து அந்தக் கறிச்சோற்று ஜோக்கை நானே சொன்னேன். மண்டபமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் இருந்த சம்பத்தும் சிரித்தான். தேவி மட்டும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் மேடைக்கு வந்து, "நல்லாப் பேசினடா" என்று கையைப் பிடித்தான். நான் போட்டோ எடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டிக்கொண்டவளிடம்கூட அவன் சொல்லவில்லை என்பது இன்று அவள் பேசியதில்தான் தெரிந்தது. தெரிந்திருந்தால் என்னிடம் வந்து அழுதிருக்க மாட்டாள். வெட்கமாக இருக்கிறது.

பஸ் கொஞ்சம் நகர்ந்தது... மறுபடியும் நின்றுவிட்டது.

நான் போய்ச் சேருவேனா என்று தெரியவில்லை. சிங்கவரத்தில் அவன் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களில் யாராவது போனை நோண்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். இது கண்ணில் பட்டால், அவனை எடுப்பதற்குள் சத்தமாகப் படியுங்கள். உள்ளே இருக்கும் தேவிக்குக் கேட்கிற மாதிரி.

சம்பத்து... வந்துனே இருக்கேன்டா.