ரொட்டி வண்டியில் போன நீலமேகம்

ராயபுரத்தில் மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இக்னேஷியஸின் ரொட்டிக்கிடங்கு இருந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கும் அங்கிருந்துதான் ரொட்டி போகும். அந்தக் கிடங்கில் மாவு பிசைகிறவன் நீலமேகம். வியாசர்பாடிக்காரன், முப்பது வயசு. ஆள் அதிகம் பேசமாட்டான். மரத்தொட்டியில் மாவைக் கொட்டி, எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் பனங்கள்ளை ஊற்றி, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுப் பிசைய ஆரம்பித்தான் என்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

கள் ஊற்றினால்தான் மாவு பொங்கும். ஈரத்துணி போட்டு மூடிவைத்த மாவு கொஞ்ச நேரத்தில் துணியையே தூக்கிக்கொண்டு எழும். அதைப் பார்ப்பதில் அவனுக்கு அலுப்பே கிடையாது. "உள்ள ஏதோ மூச்சு வுடுது" என்பான். எது மூச்சு விடுகிறது என்று அவனுக்கும் தெரியாது, முதலாளி இக்னேஷியஸுக்கும் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷத்துக் கோடையில் வியாசர்பாடியில் வாந்திபேதி கண்டது. நீலமேகத்தின் தம்பி ஜெயவேல் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஒருநாள் வேலைக்குப் போன இடத்திலேயே சுருண்டு விழுந்தவனைக் கூட்டாளிகள் கொண்டுவந்து வீட்டில் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று நீலமேகத்தின் பெண்சாதி பச்சையம்மா சொன்னாள். அங்கே போனவன் எவன் திரும்பி வந்தான் என்று தெருவே ஒரே குரலாகத் தடுத்தது. நீலமேகமும் தடுத்தவர்களோடுதான் நின்றான். தம்பிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாயைத் துடைத்தான், துணியை அலசினான், கையையும் காலையும் பிடித்து இழுக்கும் வலிக்குத் தேய்த்துவிட்டான். நடுவில் பச்சையம்மா ஒரு கலயம் கஞ்சி கொடுத்தாள். அதே கையால் குடித்தான். விடியும்போது ஜெயவேல் போய்விட்டான்.

தம்பியைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் மத்தியானம் நீலமேகத்துக்குக் கண்டது. முதலில் வயிறு, அப்புறம் வாந்தி. பொழுது சாய்வதற்குள் கண் குழிவிழுந்து, கன்னம் ஒட்டி, விரல்கள் எல்லாம் நாளெல்லாம் தண்ணீரில் ஊறினதுபோல் சுருங்கிப்போயின. குரல் போய்விட்டது. பச்சையம்மா அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு வண்டி தேடி ஓடினாள். ஜட்கா நிறுத்தத்தில் ஒருவனும் வர ஒப்பவில்லை. வியாசர்பாடி என்று சொன்னதுமே குதிரையைத் திருப்பிக்கொண்டு போனவனும் உண்டு. வேறு போக்கிடம் இல்லாமல் ராயபுரம் வரைக்கும் ஓடி ரொட்டிக்கிடங்கு வாசலில் வந்து நின்றாள்.

அங்கே ஜாபர் வண்டியிலிருந்து காலி ரொட்டிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். வண்ணாரப்பேட்டைக்காரன். வண்டியும் மாடும் அவனுடையது. கப்பலுக்கு ரொட்டி கொண்டுபோவது அவன்தான். பச்சையம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"பாய், அவருக்கும் வந்துச்சு. ஒரு வண்டிக்காரனும் வரமாட்டேங்கிறான்."

ஜாபர் மிச்சம் இருந்த கூடைகளை இறக்கி வைத்தான். வைக்கோலை வண்டியில் பரப்பினான். "குந்து தங்கச்சி" என்றான்.

வியாசர்பாடிக்குப் போனதும் நீலமேகத்தைத் தூக்க ஒரு கை கூட வரவில்லை. எல்லாரும் கதவிடுக்கில் நின்று பார்த்தார்கள். ஜாபர் தனியாளாகக் குனிந்து, குழந்தையை வாரி எடுப்பதுபோல் அவனை எடுத்தான். கலீஜாகிப்போன வேட்டியைப் பற்றி முகம் சுளிக்கவில்லை. தண்டையார்பேட்டைத் தொத்துநோய் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பியது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டே போனது. ஜாபர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மாமு, கண்ணை மூடாதே. உன் கையால பிசைஞ்ச ரொட்டியைத்தான் கப்பல்காரன் கேட்டுகினு கீறான். கேக்குதா? நான் பேசறது கேக்குதா?"

நீலமேகத்துக்குக் கேட்டது. பதில் சொல்லத்தான் உடம்பில் ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பேசினில் மருந்துத் தண்ணீர் வைத்திருந்தார்கள். நோயாளியை உள்ளே எடுத்துப் போனதும் ஒரு நர்ஸ் ஜாபரையும் பச்சையம்மாவையும் நிறுத்தி, முழங்கை வரை கழுவச் சொன்னாள். மாதா கோயில் பக்கத்துப் பெண்தான், பெயர் ஐரீன். "வீட்டுக்குப் போய் அவர் படுத்த பாயைக் கொளுத்திடு. தண்ணியைக் கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும். சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கைகழுவு. பயப்படாதே, இதைச் செய்தாப் போதும்" என்றாள். ஜாபருக்கு ஒன்றும் வரவில்லை, பச்சையம்மாவுக்கும் வரவில்லை. அந்த பேசினை நினைத்து ஆயுசு முழுக்க நன்றி சொன்னவள் பச்சையம்மா.

உள்ளே நீலமேகத்தின் கையில் நாடி கிடைக்கவில்லை. டாக்டர் கணுக்காலுக்கு மேலே சின்னதாகக் கீறி, நரம்பைத் தேடிப் பிடித்து, ரப்பர்க் குழாயைச் செருகினார். மேலே தொங்கிய கண்ணாடிச் சீசாவில் காய்ச்சி ஆற்றின உப்புத்தண்ணீர். ஐரீன் சீசாவைப் பார்த்துக்கொண்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள். ஒரு சீசா காலியாகி அடுத்தது பாதி இறங்கியபோது விரலுக்கடியில் லேசாகத் துடித்தது. அப்புறம் உதட்டில் கொஞ்சம் ரத்தச் சிவப்பு திரும்பியது. அப்புறம் கண்ணைத் திறந்தான். வெயிலில் காய்ந்துபோன செடிக்கு ஒரு குடம் ஊற்றினால் தலை தூக்குமே, அப்படித்தான் இருந்தது என்று ஐரீன் பின்னால் சொன்னாள்.

"தண்ணி" என்றான் நீலமேகம். அதுதான் அவன் மறுபிறவியின் முதல் பேச்சு.

நோய் மறுபடி மறுபடி இழுத்தது. இன்னும் இரண்டு தடவை சீசா தொங்கவிட வேண்டியிருந்தது. ஒருவழியாகக் கஞ்சி வயிற்றில் தங்கிய பிறகும் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. தினமும் மலத்தை எடுத்துப் போய்ப் மைக்ராஸ்கோப் என்கிற பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். உடம்பு தேறின பிறகும் கிருமி கொஞ்ச நாள் உள்ளே தங்கியிருக்கும், அது அடுத்தவனுக்குப் போகும் என்று ஐரீன் சொன்னாள். நீலமேகம் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு எப்படி வந்துச்சு நர்ஸம்மா? நான் கெட்ட தண்ணி குடிக்கலையே."

"தம்பிக்கு முதல்ல வந்துச்சுன்னு பச்சையம்மா சொன்னாளே, அவனை யார் பாத்துக்கிட்டது?"

"நான்தான்."

"அந்தக் கையோட சாப்பிட்டியா?"

அவன் கண் நிறைந்துவிட்டது.

"நீ செய்தது தப்பு இல்லை நீலமேகம். தம்பியைத் தனியா விடாம பாத்துக்கிட்டே. கையைக் கழுவணும்னு உனக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான்."

டாக்டர் நல்ல மனுஷர். ஒருநாள் அவனைக் கூப்பிட்டுக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னார். நீலமேகம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். வெட்டிப் போட்ட நகத்துண்டுகள் மாதிரி வளைந்து வளைந்து ஏதோ கிடந்தது. இவ்வளவு சின்னதா ஜெயவேலைக் கொன்றது என்று அவனால் நம்பவே முடியவில்லை. ஜெயவேல் இரண்டு மூட்டையை ஒரேயடியாகத் தூக்குகிறவன்.

"கண்ணுக்குத் தெரியாததெல்லாம் நமக்கு எதிரின்னு நெனைச்சுக்காதே," என்றார் டாக்டர். "நீ ரொட்டிக்கு ஊத்தற கள்ளுலயும் இதே மாதிரி சின்ன உயிர்ங்க இருக்கு. அதுங்க இல்லேன்னா உன் மாவு பொங்காது."

நீலமேகத்துக்கு ஆவல் தாங்கவில்லை. பார்க்க வந்த ஜாபரிடம் சொல்லி ஒரு சின்னச் சீசாவில் கள் கொண்டுவரச் செய்தான். வாசலில் காவல்காரன் ஜாபரைப் பிடித்துக்கொண்டு, பாயே கள் எடுத்து வருவதா என்று சிரித்த சிரிப்பை ஜாபர் பல வருஷம் சொல்லிச் சொல்லிப் புலம்பினான். டாக்டர் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிக்கடியில் வைத்தார். உருண்டை உருண்டையாக, பாசிமணி கொட்டினதுபோல் தெரிந்தது. சில மணிகளின் பக்கத்தில் குட்டி மணிகள் முளைத்து ஒட்டிக்கொண்டிருந்தன. "குட்டி போடுது பாரு" என்றார் டாக்டர். நீலமேகம் வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. இத்தனை வருஷம் தன்னோடு கூடவே வேலை செய்தவர்களை அன்றைக்குத்தான் முகம் பார்த்ததுபோல் இருந்தது அவனுக்கு.

கிருமி ஒன்றுகூட இல்லை என்று உறுதியானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நேராக ரொட்டிக்கிடங்குக்குப் போனான். இக்னேஷியஸ் வாசலை விட்டு நகரவில்லை.

"உன்னப் பாத்ததுல சந்தோஷம்பா. ஆனா ரெண்டு மாசம் போவட்டும். ஜனங்க பயந்துகினு கீறாங்கோ. நீ பிசைஞ்சதுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாங்கமாட்டான்."

நீலமேகம் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். உள்ளேயிருந்து இக்னேஷியஸின் மனைவி ரோசி வந்தாள்.

"டாக்டரு இன்னா சொன்னாரு நீலமேகம்?"

"இப்ப ஒண்ணும் இல்லைன்னாரும்மா. திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. வேலைக்குப் போவலாம், கையைச் சுத்தமா வச்சுக்கோன்னாரு."

ரோசி புருஷனைப் பார்த்தாள். "டாக்டரே சொல்லிட்டாரு. நமக்கு இன்னா?" என்றாள். வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து தெருப் பார்க்கிற இடத்திலேயே வைத்தாள். ரொட்டி வாங்க நின்றவர்கள் எல்லாரும் பார்க்க நீலமேகம் முழங்கை வரை தேய்த்துக் கழுவினான், நகக்கண்ணைக்கூட விடவில்லை. அன்றைக்கு அவன்தான் பிசைந்தான். அடுப்பிலிருந்து ரொட்டி வந்ததும் ரோசி வாசற்படியில் நின்று சூடாக ஒன்றைப் பிய்த்துத் தானும் தின்று, தன் மகளுக்கும் கொடுத்தாள். இக்னேஷியஸும் கையை நீட்டினான். அவனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. கூட்டத்தில் பாதிப் பேர் கலைந்து போனார்கள். பாதிப் பேர் நின்றார்கள். போன பாதியும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது.

கப்பலுக்கு ரொட்டி கொண்டுபோக வேறொரு வண்டி வந்தபோதுதான் நீலமேகம் ஜாபர் எங்கே என்று கேட்டான். ரோசி சொன்னாள். வாந்திபேதிக்காரனை ஏற்றின வண்டி என்று தெரிந்ததும் துறைமுகத்தில் அதை உள்ளே விடவில்லை. ஜாபர் அன்றிலிருந்து விறகு ஏற்றிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளெல்லாம் அவன் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

நீலமேகம் வண்ணாரப்பேட்டைக்கு நடந்தான். ஜாபர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தாஹிரா பாயை விரித்து உட்காரச் சொன்னாள். நீலமேகம் உட்காரவில்லை.

"வண்டியைக் கெடுத்துட்டேனே ஜாபரு."

"வண்டிக்கு இன்னா மாமு? வெறகு ஏத்தினாலும் ஓடுது, ரொட்டி ஏத்தினாலும் ஓடுது. நீ மொதல்ல குந்து. சாயா குடி."

மறுநாள் இரண்டு பேருமாக வண்டியின் பலகையைக் கழற்றி, பினாயில் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவைத்தார்கள். பிறகும் கப்பல்காரர்கள் மனசு இறங்கி வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. அதுவரை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போகிற ரொட்டியை ஜாபர் வண்டியில்தான் ஏற்ற வேண்டும் என்று ரோசி பிடிவாதமாக நின்றாள்.

ரொட்டிக்கிடங்கில் அதற்கப்புறம் வெந்நீரில் கை கழுவாமல் ஒருவரும் மாவைத் தொட முடியாது, இக்னேஷியஸ் உள்பட. வியாசர்பாடியில் கார்ப்பரேஷன் ஆள் கிணற்றில் சிவப்பு மருந்து போட வந்தால், தண்ணீரைக் கெடுக்கிறான் என்று சண்டைக்குப் போகிறவர்களிடம் நீலமேகம் சமாதானம் பேசுவான். முதல் வாளியைத் தானே இறைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துப்போவான். பேசாத ஆள் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடையில் நோய் திரும்பவும் வந்தது. ஜனங்கள் வழக்கம்போல் நோயாளிகளை வீட்டுக்குள் ஒளித்தார்கள். வேம்பு என்று ஒருத்தி, புருஷனைப் பாயில் சுருட்டி மூலையில் மறைத்துவிட்டு, யாருக்கும் ஒன்றுமில்லை என்று வாசலை மறித்தாள். நீலமேகம் அவள் எதிரில் உட்கார்ந்து கணுக்கால் தழும்பைக் காட்டினான்.

"இதுல உட்டாங்க உப்புத்தண்ணி. செத்தவன் எழுந்து குந்தினேன். என் தம்பியை நான் வூட்டுலயே வச்சிகினேன், அவன் போயிட்டான். உனக்கு அது வேணாம்மா."

அவள் வழிவிட்டாள். வெளியே ஜாபரின் வண்டி நின்றது. இந்தத் தடவை ஜாபர் மருந்துத் தண்ணீரையும் ஒரு தகர டப்பாவில் கூடவே கொண்டுவந்திருந்தான். அந்தக் கோடை முழுக்க இரண்டு பேரும் அப்படியே வீடு வீடாகப் போனார்கள். எல்லாரும் பிழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. நிறையப் பேர் பிழைத்தார்கள். வேம்புவின் புருஷனும் பிழைத்தான்.

அந்த வருஷக் கடைசியில் பச்சையம்மாவுக்கு ஒரு பெண் பிறந்தது. என்ன பெயர் வைப்பது என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீலமேகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐரீன்" என்றான். தெருவில் பாதிப் பேருக்கு அது வாயில் நுழையவில்லை. ஐரினி என்றும் ஐராணி என்றும் கூப்பிட்டார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் அந்தக் குழந்தை சிரித்தது.