தொண்ணூறாம் பக்கத்தில் சாக வேண்டியவள்

"இந்தப் பக்கத்தை நான் அடிக்க மாட்டேங்க மேடம்" என்று செல்வி கீபோர்டைத் தள்ளி வைத்தபோது, நாவலின் கடைசிப் பதினாறு பக்க ஃபாரம் அச்சுக்குப் போக மூன்று மணி நேரம்தான் இருந்தது.

திருச்சியில் மாத நாவல் போடும் ஒரு பதிப்பகத்தில் நான் புரூஃப் ரீடராக இருந்தேன். செல்வி டி.டி.பி. ஆபரேட்டர். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் திருவெறும்பூர்க்காரர் ஒருவரோடு அவளுக்கு ரிஜிஸ்டர் கல்யாணம். ஆபீஸில் எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

நாவலை எழுதியவர் ஸ்ரீரங்கத்துக்காரர். கதாநாயகி மாலதி ஒரு விதவை. பிடித்தவரைத் தானே தேடி மறுமணம் செய்துகொள்கிறாள். தொண்ணூறாம் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் வெடித்துச் சாகிறாள்.

எனக்கு இதெல்லாம் பழக்கம்தான். காதலித்து ஓடியவள் லாரியில் அடிபடுவாள். பாட்டுக் கற்கப் போனவளுக்குத் தொண்டையில் புற்றுநோய் வரும். சின்ன வீடு வைத்திருந்த ஆண்களுக்கு அதிகபட்சம் இருமல். அதையும் மனைவி கஷாயம் வைத்துச் சரிசெய்துவிடுவாள். அத்தனை பெண்களையும் ஒற்றுப்பிழை இல்லாமல் அனுப்பி வைத்தவள் நான்.

அன்று செல்வியின் கண்ணைப் பார்த்தபின் முடியவில்லை. எழுத்தாளருக்குப் போன் செய்தேன்.

"சார், மாலதி செத்தே ஆகணுமா?"

"பின்னே? இஷ்டப்படி போனா நல்லா இருப்பான்னு எழுதச் சொல்றேளா? படிக்கிற பொண்ணுங்க என்னம்மா நினைப்பாங்க?"

கருத்தில் கை வைப்பது என் வேலை இல்லை. பிழை பார்ப்பதுதான் வேலை. அதைத் தேடி வைத்திருந்தேன்.

"எழுபதாம் பக்கத்துல அவ வீட்ல கேஸே கிடையாது, இண்டக்‌ஷன் அடுப்புன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஃபாரம் நேத்தே அச்சாயிடுச்சு சார்."

மறுமுனையில் அவர் பிரதியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ சமயபுரம் போற வழியில லாரி போட்டுடுங்கோ."

"கால் உடைஞ்சு படுத்திருக்கா சார். எண்பதாம் பக்கம்."

"மாரடைப்பு?"

"எழுபத்தஞ்சுல அவளுக்குச் செக்கப் பண்ண வெச்சிருக்கீங்க. எல்லாம் நார்மல்."

பெருமூச்சு விட்டார். "சரி, உயிரோட இருந்து தொலையட்டும். கடைசி வரியில அழணும். அதையாவது விட்டு வைங்கோ."

செல்வி அடித்தாள்: 'மாலதி ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி அழுதாள்.'

முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "சாவு இல்லாம என்னங்க முடிவு இது? ஒரு வாசகர் கம்ப்ளெயின்ட் பண்ணாலும் நீங்க வேலைக்கு வர வேண்டாம்" என்றார்.

இரண்டு வாரத்தில் கம்ப்ளெயின்ட் வந்தது. மருங்காபுரியிலிருந்து ஒரு பெண். முதலாளி என்னை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாலதி எதுக்குங்க அழுறா? அவ கட்டிக்கிட்டவர் நல்ல மனுஷன். கால் உடைஞ்சப்போ சோறாக்கிப் போட்டாரு. அப்புறம் அழுறதுக்கு என்ன இருக்கு?"

முதலாளி போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னங்க சொல்றது?"

"அச்சுப்பிழைன்னு சொல்லுங்க சார்."

அப்படியே சொன்னார். கல்யாண லீவு முடிந்து வந்திருந்த செல்வி, கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். என் வேலையும் தப்பியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆசைப்பட்ட குற்றத்துக்காக ஒருத்தி சாவதாகப் பிரதியில் வந்தால், அந்த வரியையும் பிழை போலச் சுழித்து, எழுதியவரிடம் காரணம் கேளுங்கள். நான் அதைக் கேட்கத் தொடங்கியபோது ரிட்டயர் ஆக இரண்டே வருடம் மிச்சமிருந்தது.