உபயகாரரின் தலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். என் கையெழுத்தையும் அதிலுள்ள பிழைகளையும் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பத்தைந்தில் ரொறன்ரோவில் ஒரு மியூசியத்தில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தேன். அங்கே ஐந்நூறு வருடப் பழைய மாதா படம் ஒன்று இருந்தது. மூலையில் ஒரு வியாபாரியும் மனைவியும் சின்னதாக முழங்காலில் நின்றார்கள். மாதாவைவிட வியாபாரியின் உரோமச் சட்டையைத்தான் கவனமாக வரைந்திருந்தார்கள். காவலாளியிடம் கேட்டேன். படத்துக்குக் காசு கொடுத்தவர்களாம். அந்தக் கால ஐரோப்பிய நகரங்களில் அது வழக்கமாம். எனக்கு உடனே விளங்கியது. எங்கள் கோயில் ரியூப் லைற்றில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று பெயர் எழுதுவார்களே, அதுதான்.

அதை நான் அங்கேயே விட்டிருக்க வேண்டும்.

அப்போது நாங்கள் சில குடும்பங்கள், வெள்ளிக்கிழமைகளில் ஒரு அப்பார்ட்மென்ற் மண்டபத்தில் கலண்டர் முருகனை வைத்துக் கும்பிட்டோம். நான் எப்போதும் தூணுக்குப் பின்னால்தான் நிற்பேன். தைப்பூசத்துக்குப் பெரிய படம் வரைவிக்க எங்கள் தலைவர் உபயம் ஏற்றார். அவரிடம் மாதா படத்தின் கதையைச் சொன்னேன். தானும் மூலையில் நிற்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

முழங்காலில் நிற்பது மாதாவைக் கும்பிடும் வேதக்காரரின் வழக்கம் என்று அவர் மனைவி மறித்தார். படம் வரைய வந்தவர் கடைப் பலகை எழுதும் ஒரு தம்பி.

“அன்ரி, அங்கிள் எழும்பி நிண்டால் மயிலுக்கு இடமில்லை,” என்றார்.

அன்ரி கணவரின் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

தலைவருக்கு மிசிசாகாவில் இரண்டு ஷிப்ற் வேலை. வரைவதற்கு வந்து நிற்க நேரமில்லை. அவருக்குப் பதிலாக நிற்க என்னைப் பிடித்தார்கள். எனக்கு வெட்கத்தில் வியர்த்துக் கொட்டியது.

“அண்ணை, உடம்பு மட்டும்தான் உங்கடை. தலை அங்கிளின்ரை,” என்று தம்பி ஆறுதல் சொன்னார்.

முகம் வரைவதற்குத் தலைவர் கடைசிவரை வரவில்லை. தைப்பூசக் காலையில் தம்பி படத்தை வெள்ளைச் சீலையால் மூடிக் கொண்டுவந்தார். சீலையை எடுத்தபோது, முருகன் காலடியில் நான். எல்லோரும் தூண் பக்கம் திரும்பினார்கள்.

“உபயம் என்ரை, முகம் உம்மடையோ?” என்றார் தலைவர்.

“இருக்கட்டுமப்பா. உங்களைவிட அவருக்குத்தான் பக்தியான முகம்,” என்றார் அவர் மனைவி.

அடுத்த வெள்ளியே மாலை கட்டும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். இடப்பக்கம் ஒரு முழம் கூட்டிக் கட்டினால் அந்த மூலை மறைந்துவிடும். முருகனில் எனக்கு எவ்வளவு பற்று என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். இல்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. இன்றுவரை கட்டுகிறேன்.

1988 மார்கழி 11, ஞாயிறு.