இதயத்தில் ஒட்டிய மருந்து

ஆய்வகத்தில் அவளுக்கு 'பிரேக்' என்று பெயர். மற்றவர்கள் புற்றுநோய்க் கட்டியைத் தேடிப்போய்ப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரத மருந்துகளை வடிவமைப்பார்கள். அவை வழிதவறி நல்ல உறுப்புகளில் ஒட்டிக்கொள்ளுமா என்று பார்ப்பது அவள் வேலை. ஒட்டும் என்று சொன்ன நாளில் அவளோடு டீ குடிக்க யாரும் வரமாட்டார்கள். தனியாகக் குடித்துப் பழகிவிட்டாள்.

அக்காவுக்குக் குடலில் வந்த கட்டி ஈரலுக்குப் பரவியபோது குடும்பமே அவள் முகத்தைப் பார்த்தது. அவளுடைய குழு செய்துகொண்டிருந்த மருந்து அதே கட்டிக்குத்தான். விரைவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்போகிறார்கள். டாக்டர் அக்காவையும் அந்தச் சோதனையில் சேர்த்துவிட்டார். புது மருந்து ஏற வேண்டுமென்றால் அதுவரை ஏற்றிவந்த பழையதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு அக்கா காத்திருந்தாள்.

"இவ வேலைக்குப் போயி எனக்கு ஒரு புடவை கூட வாங்கித் தரல. இதையாவது தரட்டும்" என்று அத்தானிடம் சொல்லிச் சிரித்தாள்.

எலிச் சோதனை பிரமாதமாக வந்திருந்தது. எலிக்குள் வளர்த்த மனிதக் கட்டி கரைந்தது. எலி கொழுகொழுவென்று இருந்தது. எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. எலியின் உறுப்புகளைச் சீவி மருந்தை ஊற்றிப் பார்த்தாள். எங்குமே ஒட்டவில்லை.

கட்டியை இன்னும் இறுக்கிப் பிடிக்கட்டும் என்று நடுவில் ஆன்டிபாடியின் நுனியை மாற்றியிருந்தார்கள். பழைய நுனிக்கு எலியும் மனிதரும் ஒன்று. புது நுனிக்கு எலி உடம்பே தெரியவில்லை. பழைய நுனியை வைத்துப் பார்த்த சோதனையே போதுமென்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். எலிகள் பிழைத்தது மருந்தின் நல்ல குணத்தால் அல்ல, அவற்றின் உறுப்புகளை அது அடையாளம் காணாததால். மனித இதயத் திசுவில் ஊற்றினாள். ஒட்டியது.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லேசாத்தானேம்மா ஒட்டியிருக்கு. கொஞ்சமாக் குடுத்து ஆரம்பிப்போம். உங்க அக்காவும் இதுல இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"அப்புறம் என்ன?"

"அவங்களுக்கும் இதயம் இருக்கு சார்."

எல்லாம் நின்றது. பிடியைத் தளர்த்தும் வேலை தொடங்கியது. ஆன்டிபாடிக்கு இரண்டு கை. ஒரு கை மட்டும் பட்டால் நழுவிவிட வேண்டும், இரண்டும் பட்டால்தான் நிற்க வேண்டும். கட்டியில் பிடிமானம் நெருக்கமாக இருக்கும், இரண்டு கைக்கும் இடம் கிடைக்கும். இதயத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். சொல்ல எளிது. செய்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

சோதனை நின்றுபோனது தெரிந்த அன்று அக்கா சத்தம் போடவில்லை.

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"உனக்கு ஹார்ட் நின்னிருந்தா?"

"அது என் ஹார்ட்டுடி. உன்கிட்ட யாராவது யோசனை கேட்டாங்களா?"

"உனக்கு மட்டும் போடப்போறதில்லக்கா. இன்னும் பல பேரு…"

"ஆமா. ஊருக்கு நல்லவ."

பழைய மருந்தை மறுபடி ஏற்றினார்கள். அது இந்த முறை கேட்கவில்லை. புது மருந்து தயாரானபோது, ஈரல் ஓரளவாவது வேலை செய்பவர்களை மட்டுமே சேர்த்தார்கள். அக்காவின் கண்கள் அதற்குள் மஞ்சளாகிவிட்டிருந்தன. அக்காவைச் சேர்க்க முடியாது என்று டாக்டர் போனில் சொன்னதை அத்தான் அறைக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டார். உள்ளே போய்ச் சொல்லும் வேலையும் அவளுக்கே வந்தது.

அக்கா முழுதாகக் கேட்டுக்கொண்டாள்.

"இப்ப யாருக்குப் போடுறீங்க?"

"முதல்ல ஒரு வாத்தியாருக்கு."

"ஹார்ட்டெல்லாம்?"

"நல்லா இருக்கு."

"சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறாராம்."

"சாப்பிடட்டும்" என்று அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போர்வைக்கு வெளியே தெரிந்த கால் வீங்கியிருந்தது. நீவிவிட அவள் கையை வைத்தாள். அக்கா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.